பாட்டியின் வாயைப் பூட்டும் அறிவுரை

என் அம்மாவை ஆறு மாதம் பேசவிடாமல் வைத்திருந்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் நான் யாரை வேண்டுமானாலும் திட்டுவேன். அந்தப் பட்டியலில் முதல் ஆள் நானே என்று வைத்துக்கொண்டு படியுங்கள்.

அக்கா மகளுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை என்று உறுதியானபோது அவளுக்கு ஒரு வயது தாண்டியிருந்தது. அதுவரை எல்லாரும் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தோம். "அமைதியான புள்ள", "அவங்கப்பா குடும்பத்துல எல்லாருமே லேட்டாதான் பேசுவாங்க" என்று. ஒரு நாள் அடுப்படியில் குக்கர் மூடி கீழே விழுந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவள் திரும்பவே இல்லை. அப்புறம் பரிசோதனைகள், சில மாதம் காதுக்கருவி போட்டுப் பார்த்தல், பயனில்லை என்ற முடிவு, பல்லாயிரம் ரிங்கிட் கணக்கு, விண்ணப்பம், காத்திருப்பு. இரண்டு வயதை நெருங்கும்போது அறுவை சிகிச்சை நடந்தது. காக்ளியர் இம்பிளாண்ட். தையல் ஆறி, சில வாரம் கழித்துக் கருவியை முடுக்கினார்கள். அவள் அழுதாள். நாங்களும் அழுதோம்.

அதன் பிறகு நடந்த முதல் தெரப்பியில்தான் அந்த வாக்கியம் வந்தது. "சத்து பஹாசா சஹாஜா." வீட்டில் ஒரே மொழி. மலாய் பேசுங்கள், இல்லாவிட்டால் ஆங்கிலம். கலக்காதீர்கள், குழந்தை குழம்பிவிடும். சொன்னவர் நல்லவர், பொறுமைசாலி. இன்றுவரை அவர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த வாக்கியத்தோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

அன்று சண்டை போடவில்லை. அன்று எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. நான் மின்னணுப் பொறியாளன். இந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு சிக்னல் ப்ராஸஸிங் படித்தவன். பலவீனமான சிக்னலில் இரைச்சலைக் குறைக்க வேண்டும், இரண்டாவது மொழி இரைச்சல், ஆகவே வெட்டு. இவ்வளவுதான் என் கணக்கு. வீட்டுக்கு வந்து ஒரு தாளில் பெரிய எழுத்தில் "பாப்பாகிட்ட தமிழ் பேசாதீங்க" என்று அச்சடித்து ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். தமிழில் அச்சடித்தேன். ஏனென்றால் அம்மாவுக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும்.

அக்காவும் அத்தானும் வேலைக்குப் போகிறவர்கள். காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை குழந்தை அம்மாவிடம்தான். அம்மாவின் மலாய் தோட்டத்திலும் பாசாரிலும் கற்றது. "பெராப்பா", "மூரா சிக்கிட்" என்று மீன்காரரிடம் இரண்டு ரிங்கிட் குறைத்துவிடுவார். அந்த மலாயில் ஒரு குழந்தைக்கு நிலாவைக் காட்ட முடியாது. "ஏன் சாமி மூஞ்சி வாடிப் போச்சு" என்று கேட்க முடியாது. எனவே அம்மா வாயை மூடிக்கொண்டார். ஒரு நாளைக்குப் பதினொரு மணி நேரம். கேட்பதற்காகவே மண்டையோட்டைத் துளைத்துக் கருவி வைத்த ஒரு குழந்தையை, வாய் பூட்டப்பட்ட ஒரு கிழவியோடு ஆறு மாதம் அடைத்து வைத்தோம். இதற்குப் பெயர் சிகிச்சை.

*

இந்தக் கருவி என்ன செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். வாட்ஸ்ஆப்பில் சுற்றும் "முதல்முறை அம்மா குரலைக் கேட்ட குழந்தை" வீடியோக்கள் நம்மைக் கெடுத்து வைத்திருக்கின்றன. சுவிட்சைப் போட்டதும் காது வந்துவிடுகிறது என்று நினைக்கிறோம். நன்கொடை கேட்கும் அறிவிப்புகளும் அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடுகின்றன. அதற்கடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு யாரும் நிதி திரட்டுவதில்லை.

நம் உட்காதில் நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்றுச் சுருண்ட, பட்டாணி அளவு உறுப்பு ஒன்று இருக்கிறது. அதுதான் காக்ளியா. அதில் நரம்புக்குச் செய்தி அனுப்புகிற உள் மயிர்செல்கள் சுமார் 3,500. பிறவிச் செவித்திறன் இழப்பில் பெரும்பாலும் பழுதாகியிருப்பவை இந்தச் செல்கள். செவி நரம்பு பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். இம்பிளாண்ட் இந்தச் செல்களைத் தாண்டி நேராக நரம்பைத் தொடுகிறது. காதுக்குப் பின்னால் உள்ள மைக் ஒலியை வாங்குகிறது. ப்ராஸஸர் அதை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கிறது. தோலுக்கு மேலே காந்தத்தால் ஒட்டிக்கொண்ட சுருள், தோலுக்குக் கீழே இருக்கும் பாகத்துக்கு ரேடியோ அலையில் அனுப்புகிறது. அங்கிருந்து காக்ளியாவுக்குள் நுழைத்த மெல்லிய கம்பியில் உள்ள மின்முனைகள் நரம்பைத் தூண்டுகின்றன. மின்முனைகள் எத்தனை? தயாரிப்பாளரைப் பொறுத்து 12 முதல் 22 வரை. 3,500 செய்கிற வேலையை 22 செய்கிறது.

மெல்போர்னில் 1978இல் முதல் பல மின்முனைக் கருவிகளில் ஒன்றைப் பொருத்திய கிரேம் கிளார்க், காது மந்தமான ஒரு மருந்துக்கடைக்காரரின் மகன். சுருண்ட காக்ளியாவுக்குள் கம்பியை எப்படி நுழைப்பது என்று திணறியவர், கடற்கரையில் ஒரு சிப்பிக்குள் புல்லைச் செருகிப் பார்த்து, அடி தடித்து நுனி இளகிய கம்பி உள்ளே போகும் என்று கண்டுபிடித்தார். எனக்கு இந்தக் கதை பிடிக்கும். ஒரு நல்ல பொறியாளன் செய்கிற காரியம் அது. ஆனால் புல் உள்ளே போனதோடு கிளார்க்கின் வேலை முடிந்தது. மூளையின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

22 முனைகளிலிருந்து வரும் துடிப்புகள் குழந்தைக்கு முதலில் பேச்சாகவே கேட்பதில்லை. அது வெறும் ஒலி. அந்த ஒலிக்கும் அர்த்தத்துக்கும் உள்ள முடிச்சை மூளை தானே போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கும் ஒரு கெடு இருக்கிறது. அமெரிக்காவில் அனு ஷர்மா என்ற ஆய்வாளர் இந்தக் குழந்தைகளின் மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தார். சுமார் மூன்றரை வயதுக்கு முன் கருவி பொருத்தியவர்களின் செவிப்புலம் பெரும்பாலும் சாதாரணக் குழந்தைகளை எட்டிப் பிடித்துவிடுகிறது. ஏழு வயதுக்கு மேல் பொருத்தியவர்களுக்கு அப்படி நடப்பது அரிது. அந்தக் கெடுவுக்குள் குழந்தைக்குத் தேவை பேச்சு. குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் வரும் பேச்சு. கோபமும் கொஞ்சலும் உள்ள, ஒரே சொல் நூறு முறை திரும்ப வருகிற பேச்சு. அப்படிப்பட்ட பேச்சை எந்த மொழியில் கொடுக்க முடியும்? பேசுகிறவருக்கு எந்த மொழி சொந்தமோ அதில் மட்டுந்தான்.

என் பொறியியல் கணக்கில் நான் விட்ட பிழை இதுதான். தமிழை இரைச்சல் என்று குறித்துக்கொண்டேன். அந்த வீட்டில் சிக்னலே அம்மாதான். இரைச்சலைக் குறைப்பதாக நினைத்துச் சிக்னலை அணைத்துவிட்டேன்.

*

"ஆனால் இரண்டு மொழி குழப்புமே?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஓட முடியாது.

இம்பிளாண்ட் பொருத்திய குழந்தைகள் இரண்டு பேச்சுமொழிகளைக் கற்க முடியும் என்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வுகள் உண்டு. 2016இல் அமெரிக்காவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிற, காதுக்கருவியோ இம்பிளாண்டோ அணிந்த குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆங்கிலத்தில் மட்டும் உதவி. இன்னொன்றுக்கு இரண்டு மொழியிலும். இரண்டு மொழியில் உதவி பெற்றவர்கள் ஆங்கிலத்திலேயே முன்னால் இருந்தார்கள். சிறிய ஆய்வுதான், அதை வைத்துக் கொடி பிடிக்க மாட்டேன். ஆனால் "குழம்பிவிடும்" என்று சொல்கிறவர் அதற்கு என்ன ஆதாரம் வைத்திருக்கிறார் என்று கேட்கும் உரிமையை அது எனக்குத் தருகிறது.

இன்னொரு விஷயம் இருக்கிறது. இதை எந்தத் தெரப்பிஸ்டும் எங்களிடம் சொல்லவில்லை. நானே உட்கார்ந்து யோசித்துக் கண்டது. இந்தக் கருவி சிலவற்றை நன்றாகக் கடத்தும், சிலவற்றை மோசமாகக் கடத்தும். ஒலி எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீண்டது, எங்கே நின்றது என்பதை நன்றாகக் கடத்தும். சுருதி ஏற்ற இறக்கத்தை மோசமாகக் கடத்தும். அதனால்தான் இம்பிளாண்ட் அணிந்தவர்களுக்கு இசை சிரமம். அதனால்தான் "மா" என்ற ஒரே ஒலியை நான்கு தொனியில் சொல்லி நான்கு பொருள் காட்டும் மாண்டரின் அவர்களுக்குச் சிரமம்.

தமிழை இந்தக் கண்ணோடு பாருங்கள். கல், கால். குடம், கூடம். எடு, ஏடு. படு, பட்டு. குறிலும் நெடிலும், ஒற்றையும் இரட்டையும். நம் மொழியின் அடிப்படை வேறுபாடுகளில் பாதி, காலத்தை நீட்டுவதிலும் குறுக்குவதிலும் இருக்கிறது. மாத்திரை என்று இலக்கண வகுப்பில் தூங்கிக்கொண்டே படித்தோமே, அதுதான் இந்தக் கருவிக்கு மிகவும் பிடித்த பண்டம். ல, ள, ழ வேறுபாடு கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். அது அதிர்வெண் நுணுக்கத்தில் இருக்கிறது. ஆனால் காது நன்றாகக் கேட்கிற நம்மில் எத்தனை பேர் "வாழைப்பழம்" ஒழுங்காகச் சொல்கிறோம்? அந்தப் பரீட்சையை ஒரு மூன்று வயதுக் குழந்தைக்கு மட்டும் ஏன் வைக்க வேண்டும்?

சீனாவிலும் தைவானிலும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இந்தக் கருவியோடு மாண்டரின் பேசக் கற்கிறார்கள். "தொனி கஷ்டம், மாண்டரினை விட்டுவிடுங்கள்" என்று அங்கே யாரும் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாக இம்பிளாண்ட் பெற்ற குழந்தைகளும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் தமிழில்தான் கேட்கிறார்கள். எனவே தமிழ் காதுக்குக் கஷ்டமான மொழி அல்ல. இங்கே, இந்தக் கிளினிக்கில், இந்தப் படிவத்தில் அதற்கு இடமில்லை, அவ்வளவுதான்.

படிவம் என்று சும்மா சொல்லவில்லை. கருவி போட்ட ஆறாவது மாதம், குழந்தைக்கு எத்தனை சொல் தெரியும் என்று குறிக்கும் தாளை நிரப்பினார்கள். மலாய்ச் சொற்கள் வரிசையாக இருந்தன. அக்கா ஏழு என்றாள். முன்னேற்றம் மெதுவாக இருக்கிறது என்று எழுதினார்கள். அந்த வாரம் வேலையிலிருந்து சீக்கிரம் வந்தேன். அடுப்படியில் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு வெங்காயம். "இந்தா." பாப்பா வாங்கிக்கொண்டாள். "தா." பாப்பா கொடுத்தாள். "உருட்டு." உருட்டினாள். "ஐயோ போச்சு!" இருவரும் சிரித்தார்கள். அம்மா என்னைப் பார்த்ததும் திருடியவர் மாதிரி சிரிப்பை நிறுத்திவிட்டார். "இல்லப்பா, கொஞ்சம்தான் பேசுனேன்" என்றார்.

அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த பாப்பா, அந்தக் குரலைக் கேட்டுத் திரும்பி, "போச்சு" என்றாள்.

நானும் அக்காவும் அன்று இரவு எண்ணினோம். இந்தா, தா, போச்சு, சூடு, வேணாம், பூச்சி, தண்ணி, மம்மு, வா, பாட்டி. பத்தொன்பது வந்தது. ஆறு மாதத் தடைக்குள் அம்மா களவாகக் கொடுத்த பத்தொன்பது சொற்கள். தாளில் அவற்றுக்குக் கட்டம் இல்லை. அடுத்த முறை போனபோது அக்கா ஓரத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தாள். தெரப்பிஸ்ட் படித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "இதைத் தொடருங்கள்" என்றார். அவருக்கு அதைச் சொல்ல அரைநிமிடம் ஆனது. எங்களுக்கு ஆறு மாதம் போயிருந்தது.

*

"ஒரு மொழி மட்டும்" என்ற கட்டளைக்குக் காது கேளாதோர் வரலாற்றில் நீண்ட கதை இருக்கிறது. 1880இல் மிலான் நகரில் காது கேளாதோர் ஆசிரியர்களின் மாநாடு கூடியது. வாய்ப்பேச்சே உயர்ந்தது, சைகை மொழியைப் பள்ளியிலிருந்து விலக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். சைகை இருந்தால் குழந்தை பேசக் கற்காது, குழம்பிவிடும் என்பதுதான் அவர்களுடைய வாதமும். அதன் பிறகு எத்தனையோ தலைமுறைகள் பேச்சும் முழுதாக வராமல், சைகையும் தடுக்கப்பட்டு வளர்ந்தன. அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவிக்க 2010இல் வான்கூவர் மாநாடு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நூற்று முப்பது ஆண்டுகள்.

அதனால் இம்பிளாண்டை எதிர்க்கும் காது கேளாதோர் சமூகத்தின் கோபம் எனக்குப் புரிகிறது. எங்களைப் பழுதான இயந்திரமாகப் பார்க்காதீர்கள் என்கிறார்கள். சரிதான். அறுவை சிகிச்சை செய்ததற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஆனால் கருவியா சைகையா என்று கேட்பதும் அதே "ஒன்று மட்டும்" புத்திதான். ப்ராஸஸரைக் குளிக்கும்போது கழற்ற வேண்டும். தூங்கும்போது கழற்ற வேண்டும். பேட்டரி தீரும். கழற்றிய நிமிடமே அவள் மறுபடியும் காது கேளாத குழந்தை, வாழ்நாள் முழுவதும். பஹாசா இஷாராட் மலேசியா 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் காது கேளாதோரின் அதிகாரபூர்வ மொழியாக ஏற்கப்பட்டது. அதில் பத்துச் சைகைகூட எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கற்றுக்கொண்டிருக்கிறோம். அம்மா அதற்கு முன்பே குளியலறையில் கையை ஆட்டித் தனக்கென்று ஒரு மொழி வைத்துக்கொண்டார். அதற்கும் அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

*

இப்போது நம் பக்கம் வருகிறேன். இந்த இதழைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் தமிழ்மேல் பிரியம் உள்ளவர்கள். இதுவரை படித்தவர்கள் "பார்த்தாயா, தமிழை ஒழிக்கிறார்கள்" என்று கொதிக்கத் தயாராக இருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அந்தத் தெரப்பிஸ்ட் தமிழில் ஏன் வேலை செய்யவில்லை? அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவர் கையில் கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது? நான் தேடினேன். இந்நாட்டுத் தமிழ்க் குழந்தை வீட்டில் கேட்கிற பேச்சில் அமைந்த சொற்பட்டியல் கிடைக்கவில்லை. ஒலிப்பதிவோடு கூடிய படப்புத்தகம் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் "மயில் அகவும்", "குதிரை கனைக்கும்" வகை. நம் வீட்டில் எந்தக் குழந்தையிடம் யார் "அதோ, மயில் அகவுகிறது" என்று சொல்கிறார்கள்? எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தூரத்தைக் காது கேட்கிற பிள்ளை ஓடிக் கடந்துவிடும். 22 முனையில் கேட்கிற பிள்ளைக்கு "தண்ணி"யும் "தண்ணீர்"உம் இரண்டு வெவ்வேறு சொல். முதலில் வீட்டில் புழங்குவதைக் கொடுங்கள். தூய தமிழ் பிறகு வரட்டும். ஒரு நிகழ்ச்சியில் இதைச் சொன்னபோது பெரியவர் ஒருவர், "கொச்சையைக் கற்றுக்கொடுத்துவிட்டு எப்படித் திருத்துவது?" என்று கேட்டார். ஐயா, திருத்துவதற்கு முதலில் பிள்ளை பேச வேண்டும்.

கேள்வி அதிகாரத்தை நாம் மேடைக்கு மேடை முழங்குகிறோம். கேள்வி துளைக்காத காது, கேட்டாலும் கேளாத காதுதான் என்ற பொருளில் வள்ளுவர் அங்கே ஒரு குறள் வைத்திருக்கிறார். மருத்துவர் எலும்பைத் துளைத்துத் தன் பங்கை முடித்துவிட்டார். மீதித் துளையைப் போடுவது நம் வேலை. அதற்கு நாம் என்ன செய்தோம்? தாய்மொழி நாளுக்குக் கவியரங்கம் நடத்தினோம். தமிழ்ப்பள்ளி எங்கள் உயிர் என்று பதாகை பிடித்தோம். ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. இம்பிளாண்ட் அணிந்த பிள்ளையை முன் வரிசையில் உட்கார வைக்க வேண்டும், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசக் கூடாது, நாற்காலிக் காலுக்கு ரப்பர் போட்டால் வகுப்பு இரைச்சல் குறையும், இதையெல்லாம் எத்தனை பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்? பணமே தேவைப்படாத விஷயங்கள் இவை. நான் போய்க் கேட்ட பள்ளியில், "இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குத் தனிப் பள்ளி இருக்குல்ல தம்பி" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். கிளினிக்கும் அன்பாகத்தான் சொன்னது.

ஆக, தமிழை வெளியே தள்ளியது ஒரு கை மட்டும் இல்லை. அந்தப் பக்கம் ஒருவர் கதவை மூடினார். இந்தப் பக்கம் நாம் திறக்கவே இல்லை.

எல்லா வீட்டுக்கும் தமிழ்தான் தீர்வு என்று நான் சொல்லவில்லை. வீட்டில் ஆங்கிலமே புழங்கும் தமிழ்க் குடும்பம் இருக்கிறது. அவர்கள் ஆங்கிலத்தில் பேசட்டும், நன்றாகப் பேசட்டும். கூடுதல் சிக்கல் உள்ள குழந்தைக்கு வேறு முடிவு தேவைப்படலாம். எல்லாக் காதிலும் இந்தக் கருவி ஒரே மாதிரி வேலை செய்வதும் இல்லை. நான் கேட்பது ஒன்றுதான். பாட்டியிடம் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் குழந்தை இருக்கிறது, பாட்டிக்கு என்ன மொழி தெரியும் என்ற இரண்டு கேள்வியைக் கேட்காமல் எந்த நிபுணரும் ஒரு வீட்டின் மொழியைத் தீர்மானிக்கக் கூடாது. மலாய் அவளுக்கு வரும். தாடிகாவில், மலாய் சொந்தமாகப் பேசுகிறவர்களிடமிருந்து வரும். இப்போதே வந்துகொண்டிருக்கிறது.

உங்களில் எழுதத் தெரிந்தவர்கள், குரல் உள்ளவர்கள் இருக்கிறீர்கள். நல்ல மைக் வைத்துப் பாட்காஸ்ட் செய்கிறவர்கள் இருக்கிறீர்கள். நூறு சொல் போதும். வீட்டுச் சொல். இந்தா, தா, சூடு, வேணாம். தெளிவாக, பின்னணி இசை இல்லாமல், ஒவ்வொன்றையும் மூன்று முறை. கூடவே படம். சமையலறையில் நடக்கிற ஐந்து குட்டிக் கதை. பதிவு செய்து கொடுங்கள். கருவியில் எது எப்படிக் கேட்கும் என்று சோதிக்கும் மென்பொருள் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். பேச்சு சிகிச்சை, செவித்திறன் துறைகளில் படிக்கும் தம்பி தங்கைகள் இருந்தால், தயவுசெய்து அந்தப் படிவத்தில் இன்னொரு கட்டம் வரையுங்கள்.

ஃப்ரிட்ஜில் இருந்த தாளை நான் கிழிக்கவில்லை. அம்மாவே எடுத்துவிட்டார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன். அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பாப்பாவுக்குப் பென்சிலால் வெங்காயம் வரைந்து கொடுத்திருந்தார்.